மாமி கொண்டுவந்த செஸ்நட்

பிளாக்டவுன், சிட்னி
16 மார்ச் 2025, ஞாயிறு

அன்புள்ள ராஜி மச்சாள்,

கடிதத்தைப் பார்த்ததும் சிரிப்பீர்கள் என்று தெரியும். "விசரி, ரெண்டு வார்த்தை கதைக்கிறதுக்கு முத்திரை ஒட்டுறாள், பாருங்கோ உங்கட தங்கச்சியை" என்று அண்ணாவிடம் சொல்லுவீர்கள். சொல்லுங்கள். போனில் உங்களைப் பிடிக்க முடிந்தால் நான் ஏன் எழுதுகிறேன்? சனிக்கிழமை எடுத்தால் "நெற்போல் கோர்ட்டில நிக்கிறன், பேந்து எடுக்கிறன்." ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் "கோவிலால இப்பதான் வந்தனாங்கள், பேந்து எடுக்கிறன்." அந்தப் பேந்து வருவதே இல்லை. வட்ஸ்அப்பில் எதை அனுப்பினாலும் ஒரு பெருவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். அதுதான் கடதாசியும் பேனையும் எடுத்தேன்.

நாங்கள் இங்கே குடிவந்து இரண்டு மாதமாகிறது. கிழமை நாட்கள் வேலையோடு போய்விடும். சனி ஞாயிறுதான் கொல்கிறது. பிரஷாந்தனுக்குப் புது இடத்தில் வார இறுதி ஷிப்ட். காலையில் அவர் காரை எடுத்துக்கொண்டு போனால் வீட்டுக்குள் நானும் குளிர்ப்பெட்டியின் இரைச்சலும்தான். மெல்பேர்னில் இருந்திருந்தால் இந்த நேரம் உங்கள் பின்வளவில் நின்றிருப்பேன். உங்கள் மகள் திவ்யா நெற்போல் விளையாடி முடித்து வியர்க்க வியர்க்க ஓடி வருவாள். அண்ணா ரேடியோவில் ஃபுட்டி மட்ச்சைப் போட்டுவிட்டு, கூழ்ப்பானையைத் துழாவுகிறேன் என்று அகப்பையும் கையுமாக நின்று அம்பயரைத் திட்டுவார். அடுத்த நாள் எல்லோரும் மலைப்பக்கத் தோட்டத்துக்குப் போய் செஸ்நட் கொட்டை பொறுக்குவோம். கூழுக்குள் பலாக்கொட்டைக்குப் பதிலாக அதைப் போடலாம் என்று கண்டுபிடித்தது நீங்கள் என்று நீங்கள் சொல்லுவீர்கள், நான்தான் என்று நான் சொல்லுவேன். சண்டை பிடிக்கக்கூட இங்கே ஆளில்லை, மச்சாள்.

போன ஞாயிறு பக்கத்து வீட்டுச் சிவனேஸ்வரி அன்ரி என்னை ஹெலன்ஸ்பர்க் இந்துக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனா. "நீ வேதக்காரியெண்டா என்ன பிள்ளை, தோசை எல்லாருக்கும் பொதுதானே" என்றா. கும்பிடவும் கும்பிட்டேன், தோசையும் சாப்பிட்டேன். மாதா கோபிக்கமாட்டா.

இனி ஒரு விசயம். உங்களுக்கு மட்டும், அண்ணாவுக்கு வேண்டாம். பிள்ளைக்கான வைத்தியம் நாலாவது தடவையும் சரிவரவில்லை. இனி முயற்சி செய்யவேண்டாம் என்ற மாதிரித்தான் டொக்டர் கதைத்தார். பிரஷாந்தன் காருக்குள் இருந்து அழுதார். நான் அழவில்லை, வீட்டுக்கு வந்து குசினியைக் கழுவினேன். வேறு ஒருத்தருக்கும் இதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

திவ்யாவின் உறுதிப்பூசுதல் மே மாதக் கடைசிச் சனிக்கிழமை என்றீர்கள். ஆயர் அவள் நெற்றியில் எண்ணெய் பூசும்போது ஞானத்தாய் பின்னால் நின்று தோளில் கை வைக்கவேண்டும். ஞானஸ்நானத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு நின்றவள் நான், இதற்கும் நான்தான். இப்போதே லீவு கேட்டுவிட்டேன். ஈஸ்டருக்கும் வருகிறோம்.

அன்புடன்,
டிலக்சி


ஸ்பிரிங்வேல், மெல்பேர்ன்
24 மார்ச் 2025

அன்பின் டிலக்சி,

உன் கடிதத்தை நெற்போல் கோர்ட்டில் நின்றுதான் வாசித்தேன், கோபிக்காதே. வேறெங்கே வாசிக்க? ஸ்கோர் எழுதவும் நான், தோடம்பழம் வெட்டிக் கொடுக்கவும் நான். அந்த ரீமில் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் தாய் இல்லையோ என்று இருக்கிறது.

உன் விசயத்தை வாசித்ததும் எழுத்து மறைந்து போய்விட்டது. பக்கத்தில் நின்றவள் "ஆர் யூ ஓகே?" என்று கேட்கிறாள். வெயில் கண்ணில் படுகிறது என்றேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது, உனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் பிழையாகத்தான் வரும். அதனால் நீ வா, நான் சமைத்துப் போடுகிறேன். உன் அண்ணனுக்குச் சொல்லமாட்டேன். அது என் வாயைத் தாண்டாது.

ஈஸ்டருக்கு நேரத்தோடு வாருங்கள். பெரிய வெள்ளிக்குக் கஞ்சி. உயிர்ப்பு ஞாயிறுக்கு ஆட்டிறைச்சி. திங்கட்கிழமை கூழ். ஸ்பிரிங்வேல் மீன்கடைக்காரனிடம் நண்டுக்கு இப்பவே சொல்லி வைத்துவிட்டேன். என் தங்கச்சி ஷாமினியும் புருஷனும் வருவார்கள். ஆனால் இந்த முறை செஸ்நட் தோட்டத்துக்குப் போக வழியில்லை. உன் அண்ணனுக்கு ஓவர்டைம், எனக்குக் கோவில் வேலை. கடையில் வாங்கினால் பாதி பூச்சி. செஸ்நட் இல்லாத கூழா என்று திவ்யா இப்பவே முகத்தை நீட்டிக்கொண்டு திரிகிறாள். அவளும் உன்னை மாதிரித்தானே, கூழை விட்டுவிட்டு அதை மட்டும் பொறுக்கித் தின்கிற ஆள்.

உறுதிப்பூசுதலுக்கு "மாமி இஸ் மை ஸ்பொன்சர்" என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பதினொரு வயதில் என்ன வாய்! உன் சேலை நிறத்தைச் சொல்லு, அவளுக்கு அதே நிறத்தில் ரிபன் வேண்டுமாம்.

ராஜி


ஸ்பிரிங்வேல்
24 ஏப்ரல் 2025

டிலக்சிக்கு,

திவ்யா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்னும் சோர்வாகத்தான் கிடக்கிறாள். கேட்க உனக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, அறிவிப்பது என் கடமை.

திங்கட்கிழமை கூழுக்குள் நீ போட்டது செஸ்நட் இல்லை. பார்க்க அதே மாதிரி இருக்குமாம். வீதியோரம் அழகுக்காக நடுகிற வேறு மரமாம், கொட்டையில் நஞ்சாம். டொக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எங்களுக்கெல்லாம் சத்தியும் வயிற்றோட்டமுமாக ஒரு இரவோடு போய்விட்டது. அவள் சின்ன உடம்பு. கண்மணி விரிந்து, கூப்பிட்டால் திரும்பாமல் கிடந்தாளே, நீயும்தானே பார்த்தாய். பானைக்குள் கொட்டையைத் தேடித் தேடி அவளுடைய கோப்பைக்குள் போட்டது நீதான்.

கைக்குது என்று நான் சொன்னேன். பனங்கிழங்கு ஒடியல் மாவின் கைப்புப் போக இன்னும் கொஞ்சம் ஊறியிருக்கவேண்டும் என்று நீ சொன்னாய். எல்லோரும் அதை நம்பினோம். ஒடியல் கூழ் கைத்தால் வேறு எதைச் சந்தேகப்படுகிறது? புளியை இன்னும் கொஞ்சம் விட்டுக் குடித்து முடித்தோம்.

உன் அண்ணன் உன்னோடு கதைக்கிற நிலையில் இல்லை. "என்ர பிள்ளையைச் சாகக் குடுக்கப் பாத்தவள் எனக்குத் தங்கச்சி இல்லை" என்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். போன் எடுக்கவேண்டாம். கோவிலில் ஞானத்தாய் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன். திவ்யாவுக்கு ஷாமினி நிற்பாள்.

உன் சால்வை இங்கே கிடக்கிறது. தபாலில் அனுப்புகிறேன்.

ராஜகுமாரி


பிளாக்டவுன்
29 ஏப்ரல் 2025

ராஜி மச்சாள்,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. அவள் எழும்பி நடக்கிறாளா? சாப்பிடுகிறாளா? அதை எழுதாமல் விட்டீர்களே.

நடந்ததைச் சொல்லுகிறேன். உங்கள் கடிதம் வந்த கிழமையே, மார்ச் கடைசிச் சனிக்கிழமை, சிவனேஸ்வரி அன்ரி என்னை புளூ மவுண்டன்ஸ் பக்கம் இலை பழுக்கிறதைப் பார்க்கக் கூட்டிப்போனா. ஒரு சின்ன ஊரில் வீதிக்கரையில் பெரிய மரம். கீழே முள்ளுக்கோதும் மண்ணிறக் கொட்டையும் கொட்டிக் கிடந்தது. மாதாவே, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! செஸ்நட் இல்லாத கூழா என்று திவ்யா முகத்தை நீட்டினாள் என்று எழுதியிருந்தீர்களே. சால்வையை விரித்து அள்ளினேன். தபாலில் அனுப்புகிறேன் என்றீர்களே, அந்தச் சால்வைதான்.

ஆனாலும் மனதுக்குள் ஒரு சந்தேகம். தோட்டத்துச் செஸ்நட்டின் கோது பூனைமயிர் மாதிரி நெருக்கமாக முள் வைத்திருக்கும். இதில் முள் தூரத் தூர நின்றது. அதனால் அங்கேயே படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். "மச்சாள், இது எங்கட செஸ்நட்தானே? கூழுக்குப் போடலாமோ?" என்று கேட்டேன். ஒரு நிமிடத்துக்குள் உங்கள் பெருவிரல் வந்தது. அதற்குப் பிறகு நான் யோசிக்கவே இல்லை. மூன்று கிழமை குளிர்ப்பெட்டியில் வைத்துக் காத்து, மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தேன்.

இதை நான் அண்ணாவுக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் என்னைப் பார்த்துக் கத்தினபோது போன் என் கையில்தான் இருந்தது. நீங்கள் திவ்யாவின் சப்பாத்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் போனைக் கைப்பைக்குள் வைத்தேன். பொறுக்கினது நான், அவித்தது நான், பிள்ளைக்குப் போட்டது நான். பழியை முழுக்க நானே எடுக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

பிறகு நீங்கள் சொன்னீர்கள். "உனக்கொரு பிள்ளை இருந்தால்தானே தெரியும், என்னத்தைக் குடுக்கலாம் என்னத்தைக் குடுக்கக்கூடாது எண்டு." ஷாமினிக்கு முன்னால். பிரஷாந்தனுக்கு முன்னால். உங்களை நம்பி, உங்களுக்கு மட்டும் எழுதினேனே! அண்ணா தங்கச்சி இல்லை என்றதற்கு ஒரு நாள் அழுதேன். இது தினமும் என்னோடு எழும்பி, என்னோடு பஸ் ஏறி, என்னோடு வேலைக்கு வருகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஷாமினியின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைக் கொடுங்கள். எனக்கு இருக்கிற ஒரே பிள்ளை அவள்தான்.

டிலக்சி


ஸ்பிரிங்வேல்
4 மே 2025

டிலக்சி,

பெருவிரலாம்! நான் ரீம் மனேஜருக்கும் பெருவிரல் போடுகிறேன், மீன்கடைக்காரனுக்கும் போடுகிறேன், சுவாமி அனுப்புகிற செபத்துக்கும் போடுகிறேன். கடைசிக் குவாட்டரில் ஸ்கோர் எழுதிக்கொண்டு நிற்கிறவளுக்கு ஒரு படத்தை அனுப்பிவிட்டு, அதைக் கொண்டுவந்து இப்போது என் தலையில் கட்டுகிறாயா? சந்தேகம் இருந்தால் போன் எடுத்திருக்கலாமே. வீதியில் கிடந்ததைப் பொறுக்கி அடுத்தவர் பிள்ளைக்குக் கொடுக்கிற துணிவு உனக்கு எங்கிருந்து வந்தது?

*6 மே.* மேலே உள்ளதை எழுதிவிட்டு இரண்டு நாள் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். கிழிக்கவும் மனமில்லை, அனுப்பவும் மனமில்லை. நேற்று அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. முள்ளு வேறு. கொட்டையின் நுனியில் நூல் மாதிரி ஒரு வால் இருக்கவேண்டும், அது இல்லை. ஒரு தரம் பார்த்திருந்தால் "எறியடி அதை" என்று சொல்லியிருப்பேன். நான் பார்க்கவில்லை.

கெஞ்சிக் கேட்கிறேன், உன் அண்ணனுக்கு இதைச் சொல்லாதே. நீ அவருடைய இரத்தம். இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த நத்தார்ப் பண்டிகைக்கு உன்னைக் கூப்பிட்டுவிடுவார். என்னை அப்படி விடமாட்டார். அவர் கத்தினால் பயமில்லை. பேசாமல் விட்டாரென்றால் வருஷக்கணக்கில் பேசாமல் இருப்பார். தன் சொந்தச் சித்தப்பாவின் செத்தவீட்டுக்கும் போகாத மனுஷன். நான் அதே வீட்டுக்குள் இருக்கவேண்டியவள்.

ஆஸ்பத்திரியில் சொன்னது கோபத்தில் வந்தது. கோபத்தில் வந்ததைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடாது.

திவ்யா நடக்கிறாள், சாப்பிடுகிறாள். கொஞ்ச நாளைக்கு விளையாட்டு வேண்டாம் என்றிருக்கிறார்கள். சனிக்கிழமையில் பெஞ்சில் இருந்து மற்றவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுக்கிறாள். ஞானத்தாய் பெயர் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். மாற்றினால் ஏன் என்று இவர் கேட்பார்.

ராஜி


பிளாக்டவுன்
12 மே 2025

மச்சாளுக்கு,

சரி, அண்ணாவுக்குச் சொல்லமாட்டேன். நீங்கள் கேட்காமலே சொல்லாமல் இருந்தவள் நான். இனி அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம். ஆனால் நீங்கள் கேட்காமல் இருந்திருக்கலாம், மச்சாள். நானாக உங்களுக்காகச் செய்த ஒரேயொரு நல்ல காரியம் அது. அதையும் கடமையாக்கிவிட்டீர்கள்.

போன சனிக்கிழமை ஒரு கூத்து நடந்தது. வீட்டுக்குள் இருக்க ஏலாமல் நடக்கப் போனேன். பக்கத்துப் பார்க்கில் நெற்போல். சின்னப் பெட்டைகள், எல்லாம் திவ்யாவின் உயரம். வெயில் நன்றாக இருந்தது, மஞ்சள் இலை கோர்ட் முழுக்கக் கிடந்தது. தாய்மார் கதிரை விரித்து, தேமோஸில் தேத்தண்ணி வைத்துக்கொண்டு இருந்தார்கள். நானும் ஒரு ஓரத்தில் போய் நின்றேன். எங்கள் ஆள் போல ஒருத்தி, நல்ல மனுஷி, எனக்கும் ஒரு கப் ஊற்றித் தந்துவிட்டு "விச் வன் இஸ் யுவர்ஸ்?" என்று கேட்டாள்.

நான் கோல் போஸ்ட்டுக்குக் கீழே நின்ற ஒரு பெட்டையைக் காட்டினேன்.

ஏன் காட்டினேன் என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை பந்தைப் பிடித்தபோது கையும் தட்டினேன். முடிந்ததும் அவள் தன் தாயிடம் ஓடினாள். நான் கப்பைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு வேகமாக நடந்து வந்துவிட்டேன். அந்த மனுஷி என் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றிருப்பாள். இதைப் பிரஷாந்தனுக்குக்கூடச் சொல்லவில்லை. திரும்பவும் உங்களுக்குத்தான் எழுதுகிறேன், வெட்கம் கெட்டவள்.

இனி எழுதமாட்டேன். சால்வை வந்து சேர்ந்தது.

டிலக்சி


ஸ்பிரிங்வேல்
22 மே 2025

டிலக்சி,

இதை முழுக்க வாசி. கிழித்துப் போடாதே.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஒத்திகை. ஷாமினி பின்னால் நின்று தோளில் கை வைத்தாள். திவ்யா தோளை உதறினாள். திரும்பவும் வைத்தாள், திரும்பவும் உதறினாள். "சொறி சித்தி, நொட் யூ" என்று ஒத்திகை நடத்தின சுவாமிக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள். எனக்கு மானம் போய்விட்டது. காருக்குள் ஏறினதும் பிடித்துக் கிழித்தேன். உன்னைச் சாகக் கிடத்தினவளுக்காகவா இந்த ஆட்டம் என்று கேட்டேன்.

அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அது சரியாக் கைச்சது அம்மா. ஐ வோண்டட் டு ஸ்பிட் இட் அவுட். மாமி என்னையே பாத்துக்கொண்டு நிண்டவ. ஷீ வோஸ் ஸோ ஹாப்பி. அதான் விழுங்கினனான்."

வீதியோரம் காரை நிறுத்திவிட்டேன். என் பிள்ளை உன் முகம் வாடக்கூடாதென்று அதை விழுங்கியிருக்கிறாள். நான் அதே முகத்தைப் பார்த்து என்ன சொன்னேன்?

அன்று பின்னேரமே இவருக்குச் சொன்னேன். எலுமிச்சைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு ஃபுட்டி கேட்டுக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டினேன், என் பெருவிரலைக் காட்டினேன், அவருக்குச் சொல்லாதே என்று உனக்கு நான் எழுதினதையும் சொன்னேன். ரேடியோவை நிறுத்தினார். "தெரிஞ்சுகொண்டோ அவளை வெளியில விட்டு வச்சிருந்தனீ?" என்றார். அதோடு சரி. நான் பயந்தது அப்படியே நடந்தது. தன் சோற்றைத் தானே போட்டுச் சாப்பிடுகிறார், என் பக்கம் திரும்புவதில்லை. இன்று காலை வேலைக்கு வெளிக்கிட்டவர் வாசலில் நின்று, முகத்தைப் பார்க்காமல், "தங்கச்சிக்கு நீயே எழுது" என்றார். உனக்குப் போன் எடுக்க அவருக்கு வெட்கம். எடுத்து எடுத்து வைக்கிறார், நான் கண்டேன்.

கோபத்தில் வந்தது என்று எழுதினேனே, அது பொய். நீ எனக்கு மட்டும் சொன்னதை எடுத்து, எங்கே நோகும் என்று தெரிந்து உன்னை அடித்தேன். பழி என் பக்கம் திரும்பிவிடும் என்ற பயத்தில் அடித்தேன். என்னை மன்னி, டிலக்சி. வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கோவிலில் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை, முப்பத்தோராம் திகதி, பதினொரு மணிக்குப் பூசை. எனக்காக வரவேண்டாம். அவளுக்காக வா.

ராஜி


பிளாக்டவுன்
2 ஜூன் 2025

அன்புள்ள மச்சாள்,

நேற்று இரவு பத்திரமாக வந்து சேர்ந்தோம். உங்கள் வீட்டில் படுக்காமல் ஹோட்டலுக்குப் போனதற்கு அண்ணா குறை நினைத்திருப்பார். பிரஷாந்தனுக்கு முதுகுவலி என்றது பொய். வேறொரு காரணம் இருக்கிறது.

முதலில் நல்லதை எழுதுகிறேன். நான் கை வைத்தபோது திவ்யா தோளை உதறவில்லை. அவள் ஒரு கையைப் பின்னால் கொண்டுவந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். ஆயருக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரிந்திருக்காது. பிறகு கார் தரிப்பிடத்தில் அண்ணா என் தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார். நீங்கள் என்னைக் கட்டிப்பிடித்தீர்கள். அதெல்லாம் உண்மை. நான் ஒன்றையும் சந்தேகப்படவில்லை.

இனி மற்றது. சிவனேஸ்வரி அன்ரியின் மரத்தில் இந்த முறை பேர்சிமன் பழம் குலுங்கினது. அதில் ஒரு கேக் செய்து கொண்டு வந்தேன். செய்யும்போதே கை தயங்கினது. ஆனாலும் வெறும் கையோடு ஞானப்பிள்ளையின் வீட்டுக்கு வருவது எப்படி? மேசையில் ரோல்ஸுக்கும் பட்டிஸுக்கும் நடுவில் நீங்களே அதை வைத்தீர்கள், வெட்டியும் வைத்தீர்கள். ஷாமினி "வயிறு நிறைஞ்சிட்டுது அக்கா" என்றாள். அவளுடைய புருஷன் சுகர் என்றார். ரோல்ஸ் முடிந்தது, பட்டிஸ் முடிந்தது, ஐஸிங் பூசின கடைக் கேக் முடிந்தது. என்னுடையது வெட்டினபடியே இருந்தது. கோவில் ஆட்கள்கூடத் தொடவில்லை. எல்லோருக்கும் கதை தெரிந்திருக்கிறது.

பிறகு திவ்யா ஒரு துண்டு எடுக்கக் கை நீட்டினாள். உங்கள் கை குறுக்கே வந்தது. "இப்பதானே சாப்பிட்டனீ செல்லம், பேந்து தின்னலாம்." உங்களுடைய பேந்து எனக்குத் தெரியாதா? கை வந்தது உங்களுக்கே தெரிந்திராது. ஷாமினியோடு கதைத்துக்கொண்டுதான் இருந்தீர்கள், முகம்கூடத் திரும்பவில்லை. போகும்போது அதை ஃபொயிலில் சுற்றி "பிரஷாந்தனுக்கு வழியில சாப்பிட" என்று தந்தீர்கள்.

நான் கோபத்தில் எழுதவில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் என் கையும் வந்திருக்கும். நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள், நான் மனதார மன்னித்தேன். நீங்களும் என்னை மன்னித்துவிட்டீர்கள் என்று தெரியும். ஆனால் என் கையால் இனி ஒருத்தரும் சாப்பிடமாட்டீர்கள் என்றால், நான் அந்த வீட்டில் யார்? பூசைக்கு வந்து போகிற விருந்தாளி. அதைத் தாங்கிக்கொண்டு உங்கள் குசினிக்குப் பக்கத்து அறையில் என்னால் படுக்க முடியவில்லை.

கேக்கை நாங்கள் வழியில், பெற்றோல் போடுகிற இடத்தில் நிறுத்திச் சாப்பிட்டோம். நல்லாத்தான் இருந்தது.

டிலக்சி


ஈமெயில்
5 ஜூன் 2025, வியாழன்

டிலக்சி,

தபால் போய்ச் சேர நாளாகும், அதனால் இதில் எழுதுகிறேன். திவ்யாவிடம் கேட்டுக் கேட்டுத் தமிழில் அடிக்கிறேன். பிழை இருந்தால் அவளைக் குறை சொல்லு. என்ன எழுதுகிறேன் என்று அவளுக்கும் தெரியும்.

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. "இல்லை, நான் அப்படிச் செய்யவே இல்லை" என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். இவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். இப்போது கொஞ்சம் கொஞ்சம் கதைக்கிறார். "ஓம், உன்ர கை போனது. நான் கண்டனான். நானும் அந்தக் கேக்கைத் தொடேல்லை, ராஜி" என்றார். அவ்வளவு நேரம் தங்கச்சியின் தலையில் கை வைத்து அழுத மனுஷன்.

உனக்கு என்ன பதில் எழுதுவது? பயமில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நானும் நம்பமாட்டேன். அவள் கண் விரிந்து கிடந்தது என் நினைப்பை விட்டுப் போகவில்லை. அதற்கு உன் மேல் கோபம் இல்லை. பயம் மட்டும் இருக்கிறது. அதை இங்கே வைத்துக்கொண்டு இருந்தால் அது வளரும்.

நாளை மறுநாள் தொடங்குவது நீண்ட வார இறுதி. திவ்யாவுக்கு மட்ச் இல்லை. சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டால் பின்னேரம் பிளாக்டவுனில் நிற்போம். வழியில் ஒன்றும் வாங்கிச் சாப்பிடமாட்டோம். என் வீட்டிலிருந்து ஒரு சாப்பாட்டுப் பெட்டிகூட வராது. மூன்று பேரும் நல்ல பசியோடு வருவோம். நீ சமை. கூழ் என்றால் கூழ், சோறு என்றால் சோறு. அன்ரியின் மரத்தில் பழம் மிச்சம் இருந்தால் அந்தக் கேக்கையும் செய். எதைப் போடப்போகிறாய் என்று என்னைக் கேட்காதே, படமும் அனுப்பாதே.

முதல் கோப்பையைத் திவ்யாவுக்கு உன் கையால் கொடு. எனக்கும் இவருக்கும் பிறகு போடலாம். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன். என் கை சும்மா இருக்கும் என்று சத்தியம் பண்ண எனக்குத் தைரியமில்லை. அது எழும்பினால், எல்லோருக்கும் முன்னால், பிடித்துக் கீழே வை.

ராஜி